வண்ணக் கெண்டையை ஆக்கியோர் யார்?

அழகுணர்ச்சி ஓய்வுடையோர்க்கே உரியது, வயிற்றுப்பாட்டுக்கு உழைப்போர் அதனை அறியார் என்னும் கூற்றை நாம் பலகாலும் கேட்டு வருகின்றோம். யப்பானிய வண்ணக் கெண்டையின் வரலாறு இக்கூற்றைப் பொய்ப்பிக்கின்றது. 2018ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவில் நிகழ்ந்த ஏலத்தில் இவ்வின மீனொன்று 20 கோடி யென்னுக்கு மேல் விலைபோயிற்று. செல்வர்தம் தடாகங்களுக்கு அணிசெய்யும் இம்மீனின் மூதாதையோ மலைநாட்டு உழவரின் உணவுப்பொருளாகும்.

நீகாத்தா மாகாணத்தில் யமகோஷி, ஓஜியா முதலிய ஊர்கள் உள்ளன. மாரியில் ஆளுயரத்துக்கு மேற் பனி படியும் மலைப்பகுதி அது. அடுக்கடுக்கான நெல்வயல்களுக்குப் பாய்ச்சுதற்கென உழவர் மேட்டுநிலத்தே குளங்கள் அமைத்துப் பனியுருகிய நீரைத் தேக்கினர். அவற்றிலே கருங்கெண்டைகளை வளர்த்து மாரிக்கால உணவாக்கினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்குளங்களிற் செந்நிறமும் வெண்ணிறமும் கொண்ட மீன்கள் இடையிடையே தோன்றலாயின. இது மரபணுவில் இயல்பாக நேரும் பிறழ்வின் விளைவாகும். ஆற்றிலாயின் அந்நிறமே அவற்றைப் பகைக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். உழவரோ அவற்றை உண்ணாது ஒதுக்கி இனம்பெருக்கினர். பசிக்கென வளர்த்ததைக் கண்ணுக்கினிமை கருதி விட்டுவைத்த அச்செயலிலேயே இக்கலை பிறந்தது எனலாம்.

1880களின் இறுதியில், வெண்மேனியிற் செந்நிறம் படர்ந்த கோஹாக்கு வகை நிலைபெற்றது. 1904இல் யேர்மனியிலிருந்து செதில் குறைந்த கெண்டை வந்தது. நீலச்சாயல் பொருந்திய அசாகி வகையோடு அதனைக் கலந்தமையால், முதுகிற் செதில் வரிசை கொண்ட ஷுசுய் தோன்றியது. 1914இல் தோக்கியோக் கண்காட்சியில் மலையூர் மீன்கள் வைக்கப்பட்ட பின்னரே அவற்றின் புகழ் நாடெங்கும் பரவியது. செம்மையுடன் கருமையும் சேர்ந்த தைஷோ சான்கே அக்காலத்தது. கருமை மேலோங்கிய ஷோவா சான்கேயை 1927இல் ஹொஷினோ ஜூக்கிச்சி உருவாக்கினார். பொன்னிற ஓகோன் வகைக்காக அவோகி சவாத்தாவும் அவர் மகனும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைத்தனர்.

இவ்வுழைப்பு எளிதன்று. ஒரு தாய்மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஆயினும் குஞ்சுகளுட் பெரும்பாலானவை பெற்றோரின் கோலத்தைப் பெறுவதில்லை. அவற்றை நுணுகி நோக்கி, மீண்டும் மீண்டும் கழித்து, எஞ்சும் சிலவற்றையே வளர்ப்பர். நாற்றிடையே களையைத் தேர்ந்த கண்ணும் கையுமே இங்கும் தொழிற்படுகின்றன.

தைஷோ, ஷோவா என்பன பேரரசர்தம் ஆட்சிக்காலப் பெயர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. முதன்முதல் ஒரு செங்கெண்டையைச் சட்டியில் இடாது காத்த உழவரின் பெயரை எவ்வகையும் தாங்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி நிகழ்ந்த பூகம்பம் யமகோஷியைச் சிதைத்தது. குளங்கள் உடைந்தன, மீன்கள் மாண்டன, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊரார் ஹெலிகொப்டர்களில் வெளியேற்றப்பட்டனர். சில ஆண்டுகளில் அவருட் பலர் திரும்பிவந்து, குளங்களை மீளக் கட்டி, வயலையும் மீனையும் ஒருங்கே பேணத் தொடங்கினர்.

வரலாறு கற்பிக்கும் நாம், விலைகொடுத்துக் கொண்டோரின் பெருமையோடு நின்றுவிடாது, ஆக்கியோரின் கதையையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.