விகடம், நகைச்சுவை, காமெடி: இதழ்கள் சிரிப்பைப் பற்றி எழுதிய கதை

தமிழ் இதழ்களில் அவ்வப்போது தலைகாட்டும் கேள்வி ஒன்றுண்டு: நகைச்சுவை அருகிவிட்டதா? 2011ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் வடிவேலு திரையில் அரிதானபோது அது எழுந்தது. சந்தானம் கதாநாயக வேடங்களுக்கு மாறியபோது எழுந்தது. 2021 ஏப்ரலில் விவேக் மறைந்தபோது இரங்கலோடு இரங்கலாக மீண்டும் எழுந்தது. கேள்வியின் எழுவாய் 'நகைச்சுவை'. ஆனால் சான்றாக அடுக்கப்படுபவை திரைப்பட நடிகர்களின் பெயர்கள், அதாவது 'காமெடி'. மொழியியல் படித்தவருக்கு இந்த இடைவெளியைக் காணாததுபோல் கடந்துசெல்வது கடினம். ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு இன்னொரு சொல்லுக்கு விடை எழுதுகிறோம்.

மூன்று சொற்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 'விகடம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் இயல்புக்கு மாறான, கோணலான தோற்றம். தமிழில் அது கோணலான பேச்சுக்கு ஆகி, விகடகவியாக மக்கள் வழக்கில் நிலைத்தது. 1930களின் அச்சுத் தமிழில் இதனோடு 'ஹாஸ்யம்' உடனுறைந்தது. பின்னர் மொழித்தூய்மை உணர்வு வலுப்பெற, 'நகைச்சுவை' பொது எழுத்தில் முன்னுக்கு வந்தது. இவை மூன்றும் பேச்சின், எழுத்தின் பண்பைச் சுட்டுபவை. 'காமெடி' அப்படியன்று. அது ஒரு தொழிற்பிரிவு. சண்டைக்கு ஒருவர், நடனத்துக்கு ஒருவர் என்பதுபோலக் காமெடிக்கு ஒருவர். அதற்குத் தனி 'டிராக்' உண்டு. 'காமெடி பீஸ்' என்னும் தொடரிலோ அது வசையாகவே ஆகிவிட்டது. 'நகைச்சுவைத் துண்டு' என்று எவரையும் வைய முடியாது.

1926இல் பூதலூர் வைத்தியநாத ஐயர் தொடங்கி, 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கிய ஆனந்த விகடன் தன் பெயரிலேயே விகடத்தைச் சுமந்தது. கல்கி அங்கே 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். கச்சேரியையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் பற்றிய அந்த விமரிசனமே விகடமாக இருந்தது. அரங்கில் நகைச்சுவை தோற்றதா வென்றதா என்று சொல்லும் எழுத்து, தானும் அதே தேர்வில் உட்கார்ந்தது. மாலியின் கோடுகளுக்கும், தேவனின் துப்பறியும் சாம்புவுக்கும், பின்னர் கோபுலுவின் சித்திரங்களுக்கும் இது பொருந்தும். இதழ் நகைச்சுவையின் நிலையை எடைபோடும் நீதிபதியாக இருக்கவில்லை. வழக்கில் ஒரு தரப்பாக இருந்தது. (வாசனின் ஜெமினி நிறுவனம் எடுத்த 'சந்திரலேகா'வில் 1948இல் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தனர். இதழ்ச் சிரிப்புக்கும் திரைச் சிரிப்புக்கும் முதலாளி ஒருவரே என்பது தனி ஆய்வுக்குரிய செய்தி.)

இந்த நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்தியது மைசூர்தான். டாக்டர் எம். சிவராம், 'ராசி' என்ற பெயரில் எழுதியவர், பெங்களூரில் மருத்துவராக இருந்துகொண்டே 1942இல் 'கொரவஞ்சி' என்னும் கன்னட நகைச்சுவை இதழைத் தொடங்கினார். பெயரைக் கேட்டதும் தமிழ் மாணவருக்குத் திருக்குற்றாலம் நினைவுக்கு வரும். குறிசொல்லும் குறமகள்தான் இங்கும். ஆனால் தமிழில் அவள் சிற்றிலக்கிய வகைக்குப் பெயரானாள். கன்னடத்தில் நாட்டு நடப்புக்குக் குறிசொல்லும் இதழானாள். மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆர்.கே. லக்ஷ்மண் அந்த இதழுக்குப் படம் வரைந்தார். தமிழ்க் குடும்பத்து இளைஞர், மைசூரில் இருந்துகொண்டு, பெங்களூர்க் கன்னட இதழுக்கு வரைகிறார்; பிறகு பம்பாய் ஆங்கில நாளிதழில் 'சாமானிய மனிதனை' உருவாக்குகிறார். ஒரு கல்லூரி மாணவனின் கோணல் பார்வைக்கு அன்று முகவரியாக அமைந்தது ஓர் இதழின் அலுவலகம். இன்று அதே மாணவர் கைப்பேசியை எதிரே நிறுத்திவைத்துப் பேசத் தொடங்கியிருப்பார்.

பழைய இதழ்ச் சிரிப்பைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. பைண்டு செய்த தொகுப்புகளைத் தொடர்ந்து புரட்டினால் அலுப்புத் தட்டும். மாமியார் மருமகள், டாக்டர் நர்ஸ், மேனேஜர் ஸ்டெனோ, மன்னர் அமைச்சர், தலைவர் தொண்டர் என அச்சுகள் எண்ணிக்கையில் சில. பூரிக்கட்டை மட்டும் ஓயாமல் சுழலும். பெரும்பாலும் நகர்ப்புற நடுத்தர வர்க்க வீட்டின் கூடத்திலிருந்து எழும் சிரிப்பு அது. அந்தக் கூடத்துக்குள் யார் வரலாம் என்பது சொல்லாமலே தீர்மானிக்கப்பட்டிருந்தது. எனினும் அஞ்சலட்டையில் துணுக்கு எழுதி அனுப்பிய சிற்றூர் வாசகர்களுக்கு அந்தப் பக்கம் திறந்திருந்தது. தேர்ந்தெடுத்து அச்சிட்ட பின் அதற்குப் பொறுப்பு இதழினுடையது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பதில் பேராசிரியர் தான் பிறரை எள்ளுவதையும் பிறரால் தான் எள்ளப்படுவதையும் சேர்த்தே கொள்கிறார். என் வாசிப்பில், இதழ்கள் தம் வசம் வைத்திருந்தது இவற்றுள் முதலாவது, பிறரை எள்ளுவது. திரை எடுத்துக்கொண்டவை எள்ளப்படுவதும் பேதைமையும் மடனும். வடிவேலுவின் மேதைமை முழுவதும் அடிபடுபவனின் பக்கத்தில் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடிபடுபவனின் உடல்மொழியை அத்தனை நுணுக்கமாகப் பதிவுசெய்த கலைஞர் நம்மிடையே வேறு எவர்? 2019 மே மாத இறுதியில் 'ஃபிரண்ட்ஸ்' படத்து நேசமணிக்காக உலகளவில் சமூக ஊடகப் பிரார்த்தனை நடந்தபோது, அந்தப் படம் வெளிவந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சிரிப்பை உண்டாக்கியவர்கள் பெயர் தெரியாதவர்கள். ஆசிரியர் குழு எதுவும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதழ்கள் செய்தது, என்ன நடந்தது என்று விளக்கிச் சொன்னது. விகடம் செய்தவர்கள் விகடத்துக்கு உரையாசிரியர்களாயினர்.

பொறுப்பு என்றேன். ஆனந்த விகடன் 29.3.1987 இதழின் அட்டையில் ஒரு துணுக்கு வந்தது. மேடையில் இருப்போருள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்பதை ஜேப்படிக்காரன், கொள்ளைக்காரன் தோற்றங்களைக் கொண்டு அடையாளம் காட்டும் துணுக்கு. உண்மையில் அது பழைய அச்சுதான். தலைவர் தொண்டர் வகையின் கிளை. சட்டமன்றம் அதை உரிமை மீறலாகக் கொண்டது. பேரவைத் தலைவராக இருந்தவர் பி.எச். பாண்டியன். மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. எழுந்த எதிர்ப்பால் சில நாள்களிலேயே விடுதலையானார். பின்னர் நீதிமன்றம் சென்று, இழப்பீடாக 1,000 ரூபாய் பெற்று, அதைச் சட்டமிட்டு வைத்துக்கொண்டார். தொகையின் சிறுமையே ஒரு துணுக்கு.

2021 ஜனவரி முதல் நாள், முனவ்வர் ஃபாரூக்கி என்னும் மேடைக் கலைஞர் இந்தூரில் கைதானார். பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை அளிக்கும்வரை சிறை. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரில் நடக்கவிருந்த அவரது நிகழ்ச்சியும் காவல் துறையின் தலையீட்டால் நின்றது. இதழ்கள் இதைப் பற்றி எழுதின. பலவும் நன்றாகவே எழுதின. ஆயினும் 1987இல் நகையைச் சொன்னவரும் அதை வெளியிட்டவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர்; ஒருவருக்காக மற்றவர் சிறை சென்றார். இங்கே சொன்னவர் தனியர். இதழ் வாயிலுக்கு வெளியே நின்று செய்தி சேகரிக்கிறது. 'நகைச்சுவையின் இன்றைய நிலை' பற்றிய கட்டுரைகளில் நான் தேடுவது இந்த மாற்றத்தைத்தான். கிடைப்பதோ, அடுத்த கவுண்டமணி யார் என்ற ஊகம்.

இத்தோடு முடித்திருந்தால் என் வாதம் ஒழுங்காக அமைந்திருக்கும். ஆனால் 2025 பிப்ரவரி அதைச் சற்றுக் கலைத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டுத் திருப்பியனுப்பப்பட்டதை ஒட்டி, அதிபர் டிரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் 'விகடன் பிளஸ்' மின்னிதழில் வெளிவந்தது. 15ஆம் தேதி முதல் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தின் முடக்கத்தை விலக்கலாம் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அந்த வாரங்களில் இதைப் பற்றி நான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் 'கார்ட்டூன்' இருந்தது, 'கேலிச்சித்திரம்' இருந்தது, 'கருத்துப்படம்' இருந்தது. 'காமெடி' என்ற சொல்லை ஓரிடத்திலும் காணவில்லை.