ஹார்வர்ட்னா யூனிவர்சிட்டி இல்லீங்க, நம்ம தோட்டம்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சுண்டல் கொடுத்துக்கிட்டு இருந்தோம். இடைநிலைப்பள்ளிப் பையன் ஒருத்தன் வந்து, "அங்கிள், ஹார்வர்ட் அமெரிக்காவுல உள்ள யூனிவர்சிட்டிதானே, பீடோங் பக்கம் கோல்ப் கிளப்புக்கு ஏன் அந்தப் பேரு?"ன்னு கேட்டான். பக்கத்துல நின்ன பெரியவங்க சிரிச்சாங்க. ஆனா அவன் மேல தப்பில்லை. நாமதான் சொல்லித் தரலை. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறோம், பொறுமையா படிங்க.

அது தோட்டத்துப் பேரு. ஹார்வர்ட் தோட்டம்னா கெடாவில் பெரிய ரப்பர் தோட்டம். எவ்வளவு பெருசுன்னா, ஹார்வர்ட் பிரிவு 1, 2, 3-ன்னு மூணு தமிழ்ப்பள்ளி அந்தப் பேரிலேயே இருக்கு. கோல்ப் திடலும் ஹோட்டலும் எல்லாம் பிறகு வந்தவை.

இன்னொண்ணு. ஜப்பான்காரன் போன பிறகு, 1945-க்கு அப்புறம், நம்ம கெடா தோட்டங்களில் தொண்டர் படைன்னு ஒண்ணு எழும்பிச்சு. கள்ளுக்கடையை மூடணும், லயத்தைச் சுத்தமா வைக்கணும், பிள்ளைங்க படிக்கணும்னு இளைஞர்கள் அணிவகுத்து நின்ன இயக்கம். அதன் தலைவர் ஏ. எம். சாமி இந்த ஹார்வர்ட் தோட்டத்துக்காரர்தான். 1947-ல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலில் ஆரம்பிச்சது, போலீஸோடு மோதலாகி, அடிதடி, கைது, சிறைன்னு போச்சு. அதே ஆண்டு டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரை விட்டார். கோல்ப் ஆடப் போறவங்க கார் நிறுத்துற ஊருக்கு இப்படியும் ஒரு வரலாறு இருக்கு தம்பி.

இப்ப கோல்ப் பந்துக்கு வருவோம். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அதுவும் சாமி சம்பந்தப்பட்டது.

ஆரம்பத்துல கோல்ப் பந்துன்னா தோலுக்குள்ள வாத்து இறகை அடைச்சுத் தைச்சது. ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தா மூணு நாலுதான் தேறும். பணக்காரன் மட்டும்தான் வாங்க முடியும், மழையில நனைஞ்சா பிய்ஞ்சு போயிடும். 1840-களில் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பேட்டர்சன் குடும்பத்துக்குக் கிழக்கு நாட்டிலிருந்து ஒரு விஷ்ணு சிலை போச்சாம். சிலை உடையாம இருக்க, சுத்தி மலாய்க் காட்டு மரப் பிசினைப் பொதிஞ்சு அனுப்பினாங்களாம். அந்தப் பிசினை உருக்கி உருட்டித்தான் அந்த வீட்டுப் பையன் புதுப் பந்து செஞ்சான்னு கோல்ப்காரங்க கதையா சொல்லுவாங்க. சிலைக் கதை எப்படியோ போகட்டும், பிசின் மட்டும் நிஜம். கட்டா பெர்ச்சான்னு பேரு. மலாய்க்காரங்க தாபான்னு சொல்ற மரத்தோட பால். 1848 முதல் கோல்ப் பந்து அதுலதான் செஞ்சாங்க, ஆட்டமும் பரவிச்சு. கடலுக்கடியில் தந்திக் கம்பி போடவும் அதே பிசின் வேணும்னு மரத்தையே வெட்டிச் சாய்ச்சு எடுத்தாங்க. காடு காலியாச்சு.

அப்புறம் 1898-ல் அமெரிக்காவில் ஹாஸ்கல்னு ஒருத்தர், அக்ரோன் நகரத்து குட்ரிச் ரப்பர் கம்பெனி ஆளோட சேர்ந்து, ரப்பர் நூலை இழுத்து இழுத்து உருண்டையா சுத்திப் புதுப் பந்து செஞ்சார். கொஞ்ச வருஷத்துல பழைய பந்தைத் தூக்கிப் போட்டுட்டாங்க. சரியா அந்தக் காலத்துலதான் மலாயாவில் பால்மரம் போட்டு, நம்ம பாட்டன்மாரைக் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க. நாங்க வேலை செய்யறது கையுறைத் தொழிற்சாலையில. ரப்பர் பால் இழுத்தா எப்படி நீளும், சூட்டுல என்ன ஆகும்னு தினமும் பார்க்கிறோம். பந்துக்குள்ள அந்த நூலை இறுக்கிச் சுத்தினா எப்படிப் பறக்கும்னு எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2000-க்குப் பிறகு பெரிய ஆட்டக்காரங்க அதை விட்டுட்டாங்க, இப்ப எல்லாம் செயற்கை ரப்பர். ஆனா நூறு வருஷம் பந்துக்குள்ள இருந்தது தோட்டத்துப் பால்.

வெள்ளைக்காரத் துரைமாருக்கு இது பழைய ஆட்டம். கல்கத்தாவில் 1829-லேயே கிளப், கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் 1893. நம்ம ஆளுங்க அப்ப புல் வெட்டினாங்க, பை தூக்கினாங்க. பின்னால் எம். ராமையா, பி. குணசேகரன்னு நம்ம பேரு உள்ளவங்களே மலேசியாவுக்குத் தொழில்முறையா ஆடினாங்க. அதைச் சொல்லாம விட்டா பாவம்.

தோட்டம் எப்படித் திடலாச்சு? நிலத்து விலைதான் காரணம். ரப்பர் விலை விழுந்துச்சு, செம்பனை வந்துச்சு, அதையும் தாண்டி 1980, 90-களில் பட்டணம் பக்கத்து நிலம் பயிரை விட அதிகம் சம்பாதிச்சுது. மேம்பாட்டாளர் கணக்கு இப்படி: 18 குழித் திடலுக்குச் சுமார் 150 ஏக்கர். அதைச் சுத்தி பங்களா. ஜன்னலைத் திறந்தா பச்சைப்பசேல்னு தெரியுதுன்னு சொல்லி அந்த வீட்டு மனையை அதிக விலைக்கு விற்கலாம். புல்லு லாபம் தராது, புல்லைப் பார்க்கிற வீடுதான் லாபம். நம்ம சுங்கை பட்டாணி சிந்தா சாயாங்கையே பாருங்க. 18 குழி, ஹோட்டல், தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, சுத்தி நல்ல நல்ல வீடுகள். அழகான இடம்தான், நாங்களும் பிள்ளைங்களைத் தண்ணியில விளையாடக் கூட்டிட்டுப் போயிருக்கோம். கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கிறவங்களில் கோல்ப் ஆடுறவங்களும் இருக்காங்க. யாரையும் குறை சொல்ல வரலை.

ஆனா சூப்பர்வைசர் புத்தி, நாங்க ஒரு கணக்கு போட்டோம். ஏக்கருக்கு நூறு மரம்னா 150 ஏக்கரில் 15,000 மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, ஒரு ஆளுக்கு 450 மரம். அப்படின்னா பதினாறு பதினேழு வெட்டுக்காரங்க, அவங்க வீட்டுப் பிள்ளைகுட்டி, ஆயாக் கொட்டகை, ஒரு கோயில். ஒரு திடலோட அளவு அதுதான்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறது 1950-களிலேயே ஆரம்பம். வெள்ளைக்காரன் ஊருக்குப் போறான், வாங்கினவன் கூறு போட்டு விற்கிறான், லயத்துல இருந்தவன் ரோட்டுக்கு வர்றான். துன் வீ. தி. சம்பந்தன் அப்பதான் தோட்டம் தோட்டமா போய், மாசம் பத்து பத்து வெள்ளியா கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கன்னு கேட்டார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்துச்சு. அது வாங்கின முதல் தோட்டம் எதுன்னு நினைக்கிறீங்க? நம்ம கெடா புக்கிட் சீடிம். பால் வெட்டுறவன் காசுல தோட்டம் வாங்கின கதை நம்ம பக்கத்துலதான் தொடங்கிச்சு. இதை எந்தப் பையனும் நம்மகிட்ட கேட்டதில்லை.

பினாங்கில் எஸ். எம். முகமது இத்ரிஸ் ஐயா இருந்தார். ராமநாதபுரத்துப் பக்கம் பிறந்த தமிழர், பயனீட்டாளர் சங்கத்தை நடத்தினவர். அவரைச் சுத்தி இருந்த சுற்றுச்சூழல் அமைப்பும் ஜப்பான், தாய்லாந்துக்காரங்களும் சேர்ந்து 1993 ஏப்ரல் 29-ல் உலக கோல்ப் எதிர்ப்பு இயக்கம் ஆரம்பிச்சாங்க. தண்ணி, பூச்சிமருந்து, நிலத்தை விட்டுப் போற மக்கள், இதெல்லாம் பேசினாங்க. அப்ப நிறைய பேர் சிரிச்சாங்க.

எங்க தோட்டத்தைப் பத்தியும் ஒரு வரி. பேரு வேண்டாம். நிலம் கைமாறின பிறகு நோட்டீஸ் வந்துச்சு. லயத்துக்காரங்களுக்கு ஏதோ ஒரு தொகை கொடுத்தாங்க. கோயிலைப் பத்தி அந்தக் கடிதத்துல ஒரு வார்த்தை இல்லை. கங்காணி காலத்துல மரத்தடியில கல்லா இருந்து, அப்பா அம்மாங்க சம்பளத்துல பிடிச்சுக் கட்டின கோயில். நிலம் கம்பெனி பேருல இருந்ததால, கோயிலுக்குன்னு தனி கிராண்ட் கிடையாது. சாமியை லாரியில ஏத்திக் கொண்டு வந்தப்போ எங்க அம்மா லாரிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாங்க, ஏறுங்கன்னா ஏறலை.

இது நம்ம குலசாமிக்கு மட்டும் நடக்கிறதில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில், 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டி எண் போட்ட பழங்கோயில்கள் இருக்கு. அதுல 11-ஆம் எண் சண்டியை, சுங்கை பத்துவில், வீடு கட்ட நிலம் திருத்தினப்போ இடிச்சுட்டாங்கன்னு 2013 டிசம்பர்ல செய்தி வந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமைன்னு சொல்ற இடம். அது தனியார் நிலம், அரசாங்கப் பாதுகாப்புப் பதிவிலும் இல்லை. நம்ம சின்னக் கோயிலுக்கும் அந்தப் பெரிய கோயிலுக்கும் ஒரே வியாதி, காகிதம் இல்லை.

சட்டம் தெரிஞ்சவங்க ஒருத்தர் சொன்னார்: தேசிய நிலச் சட்டம் 214ஏ பிரிவுப்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறணும்னா தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேணும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமா மாத்தவும் தனியா விண்ணப்பம் போகணும். அதாவது லாரி வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாலேயே எங்கேயோ ஒரு கோப்பு நகருது. நாம அதைப் பார்த்ததே இல்லை.

அதனால கோயில் குழுவில் பேசி ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கோம். புக்கிட் செலம்பாவ் சுத்துவட்டாரத் தோட்டக் கோயில்கள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோப்பு. தோட்டத்துப் பேரு, பிரிவு, கோயில் எந்த இடம், எப்ப கட்டினது, நிலம் இப்ப யாரு பேருல. உங்க வீட்டுல பழைய திருவிழா நோட்டீஸ், செக்ரோல், சம்பளச் சீட்டு, தீமிதிப் படம், கும்பாபிஷேகப் பத்திரிகை எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வாங்க. அங்கேயே போட்டோ எடுத்துட்டு உடனே திருப்பிக் கொடுத்திடுவோம். கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பையனைத்தான் போன்ல படம் எடுக்கச் சொல்லியிருக்கோம்.