கணவாய் கடந்த பொம்மைப் படை

வரலாற்றை ஏட்டில் படிப்போர் பலர். கையால் பிசைந்து பார்ப்போர் சிலர். அச்சிலருள் ஒருவராய் யாம் 2001ஆம் ஆண்டு முதல் செய்துவரும் சிறு பணியொன்றைச் சங்க மலரைக் கையில் ஏந்தும் அன்பர்களுக்கு அறிவிக்க விழைகின்றோம். முதலமடையில் உள்ள எம் இல்லத்தில், நவராத்திரிதோறும் கொலுவின் கீழ்ப்படிகளில் ஒரு பொம்மைப் படை அணிவகுத்து நிற்கும். ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையேனும் கொலுவில் சேர வேண்டும் என்பது நம் குடும்பங்களின் வழக்கமன்றோ? அவ்வழக்கமே எம் படைக்கு ஆள் சேர்த்தது.

பலகையில் போர்

படையைச் சுருக்கிப் பலகையில் நிறுத்துவது நமக்குப் புதிதன்று. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கம். மேலைநாட்டில் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் நிலப்படமும் பகடையும் கொண்டு போர்ப்பயிற்சி ஆட்டம் ஒன்றை வகுத்தளித்தார். 1893இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்து விற்கத் தொடங்கினர். அத்தகைய வீரர்களை வைத்து ஆடும் விதிகளை எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ஒரு நூலாகவே எழுதினார். அடுத்த ஆண்டே உண்மையான உலகப்போர் மூண்டது!

எம் ஊர் வழியே ஒரு படை

யாம் தேர்ந்துகொண்ட போர் எம் வாயிலுக்கு அருகே நடந்தது. பாலக்காட்டுக் கோட்டையை ஐதர் அலி 1766இல் புதுப்பித்துக் கட்டினார். மைசூருக்கும் கும்பினிக்கும் இடையே அக்கோட்டை பலமுறை கைமாறிற்று. 1783இல் கர்னல் புல்லார்ட்டன் தலைமையில் கும்பினிப் படை ஆனைமலையிலிருந்து அடர்காட்டின் ஊடே கொல்லங்கோட்டை நோக்கிச் சென்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்திலேயே முதலமடை உள்ளது. மரங்களை வெட்டி, ஓடைகளைத் தூர்த்து, பீரங்கி செல்ல வழி சமைக்க வேண்டியிருந்தது. பதினான்கு நாள் மழை கொட்டிற்று. நவம்பரில் கோட்டை வீழ்ந்தது. 1784 மார்ச்சில் ஏற்பட்ட மங்களூர் உடன்படிக்கையோ, பிடித்த இடங்களைத் திருப்பித் தருமாறு இரு தரப்பையும் பணித்தது. 1790இல் கும்பினியார் மீண்டும் வந்து அதே கோட்டையைப் பிடித்தனர்.

அன்னையின் வினா

கம்பியில் உருவம் கட்டி, ஊறிய காகிதத்தை வெந்தயத்துடன் ஆட்டிய கூழை அப்பி, நிழலில் உலர்த்தி, வண்ணம் தீட்டுவோம். துப்பாக்கிக்கு ஈர்க்கு, கொடிக்குத் தாள். ஒவ்வொன்றும் இரண்டு அங்குல உயரம். முதல் பத்தாண்டுகள் செஞ்சட்டைச் சிப்பாய்களையும் குதிரையேறிய அதிகாரிகளையுமே செய்தோம். விடுமுறை நாள்களில் நிலப்படத்தை விரித்துப் பகடை உருட்டி ஆடினால், ஆனைமலையில் புறப்பட்ட படை மூன்றே சுற்றில் கோட்டை வாயிலில் நிற்கும்!

2011ஆம் ஆண்டுக் கொலுவின்போது எம் அன்னையார் படையை நெடுநேரம் நோக்கி, “இத்தனை பேருக்கும் சோறு ஆக்குகிறவர்கள் எங்கேயப்பா?” என்றார். யாம் விடையின்றி நின்றோம். வரலாற்றில் பட்டம் பெற்ற எமக்குத் தோன்றாத வினா அது.

அன்று முதல் மரம் வெட்டுவோர், மண் சுமப்போர், வண்டிக்காரர், பொதிமாடுகள், அடுப்பெரிக்கும் பெண்டிர் ஆகியோரையே செய்து வருகின்றோம். மழைக்கும் ஒரு விதி வகுத்தோம்: பகடையில் ஒன்று விழுந்தால் பீரங்கி நகராது. இப்போது அதே வழியைக் கடக்கப் பதினைந்து சுற்றுகள் ஆகின்றன. நூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும் காடு, எம் பலகையில் ஒரு பிற்பகலையே விழுங்கிவிடுகின்றது.

இன்று எம் படையில் 312 உருவங்கள். அவற்றுள் 140 ஆயுதம் ஏந்தாதவை. அன்னையார் இன்று எம்முடன் இல்லை. அடுப்படியில் அமர்ந்த முதற்பெண் உருவத்திற்கு அவரே தம் கையால் வண்ணம் தீட்டினார். அதன் சேலைச் சாயம் மங்கிய பின்னும் யாம் அதனைத் திருத்தவில்லை.

நாம் யார் பக்கம்?

பிழைப்பு நாடிக் கணவாய் கடந்த குடிகள் நாம். கும்பினியின் செஞ்சட்டை அணிந்து நடந்த சிப்பாய்களிலும் தென்னாட்டவர் மிகப்பலர். கர்னலின் பெயரை ஏடு காத்துவைத்துள்ளது. அவர்களின் பெயரைக் காக்கவில்லை. “இப்போரில் நாம் யார் பக்கம்?” என்று நம் மக்கள் கேட்பாராயின், யாம் எந்தக் கொடியையும் காட்டோம், மழையில் நனைந்து வழி சமைத்த அந்த மரம்வெட்டியைக் காட்டுவோம்.

வரும் நவராத்திரியில் அன்பர்கள் குடும்பத்துடன் எம் இல்லம் வருக. சுண்டலும் உண்டு, படையும் உண்டு!