ஜோகன்னஸ்பர்க் இருட்டறைகளில் வளர்ந்தவர்கள்

1954-இல் பீட்டர் மகுபானே 'டிரம்' பத்திரிகையில் டிரைவராகச் சேர்ந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கறுப்பு இளைஞன் கேமராவை நெருங்குவதற்கு அன்று திறந்திருந்த சில வழிகளில் அதுவும் ஒன்று. பகலில் நிருபர்களையும் புகைப்படக்காரர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைவார். வேலை இல்லாத நேரத்தில் இருட்டறையில் நிற்பார். பிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் அங்கேயே பழகினார். 1955-இல் புளூம்ஃபான்டைனில் நடந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மாநாட்டைப் படம் எடுக்க அவரையே அனுப்பினார்கள். பின்னாளில் அவர் உலகம் அறிந்த புகைப்படக்காரராகி, 1990 முதல் 1994 வரை நெல்சன் மண்டேலாவின் அதிகாரபூர்வ புகைப்படக்காரராகவும் இருந்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்லும் விதம் ஒன்றுண்டு: பையனுக்குத் திறமை இருந்தது, அதை ஒரு நல்ல ஆசான் கண்டுகொண்டார், பையன் பெரியவனானான். ஜோகன்னஸ்பர்க் புகைப்பட உலகின் அறுபது எழுபது ஆண்டு வரலாற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. திறமையைக் கண்டுகொள்வது இந்த வேலையில் ஆகச் சுலபமான பகுதி. கண்டுகொண்ட பிறகு ஒருவருக்கு நெடுநாள் கூலி கிடைத்ததா, அவர் எடுத்த படம் அவருக்கே சொந்தமாக நின்றதா என்பவைதான் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கின்றன. அந்த நகரம் முதல் வாசலைத் தாராளமாகவே திறந்தது. மற்ற இரண்டில்தான் பலரைக் கைவிட்டது.

'டிரம்' 1951-இல் கேப் டவுனில் வேறொரு பெயரில் தொடங்கி, விரைவிலேயே ஜோகன்னஸ்பர்க்குக்கு இடம்பெயர்ந்த பத்திரிகை. முதலாளி ஜிம் பெய்லி, சுரங்கச் செல்வந்தர் ஒருவரின் மகன். புகைப்படப் பிரிவைக் கவனித்தவர் யூர்கன் ஷாடபெர்க். பெர்லினில் பிறந்து 1950-இல் தென்னாப்பிரிக்கா வந்தவர், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்கு வேண்டிய அளவு படிப்பே போதும் என்ற கொள்கையை 1953-ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் அரசுக் கல்வியாகவே ஆக்கிவிட்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில், பத்திரிகையின் இருட்டறை ஒரு பள்ளிக்கூடமாயிற்று. பாப் கோசானி அங்கே ஷாடபெர்க்கின் உதவியாளராகப் பழகினார். எர்னஸ்ட் கோல் 1958-இல் வந்து சேர்ந்தார்.

இருட்டறையில் ஒருவர் எதைக் கற்கிறார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் கிடைக்காதது அதில் இருக்கிறது. உதவியாளர் கழுவுவது பெரும்பாலும் தன் பிலிமை அன்று, மூத்தவருடைய பிலிமை. ஒரு சுருளில் 36 படங்கள். அவை எல்லாவற்றையும் ஒரே தாளில் சிறு சிறு கட்டங்களாக அச்சிட்டுக் கொடுக்கும்போது, மூத்தவர் எங்கே நின்றார், எந்தக் கணத்தைத் தவறவிட்டார், எத்தனை அடி முன்னே நகர்ந்த பிறகு படம் கூடிவந்தது என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். ஆசிரியர் அதில் ஒன்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். மற்ற 35 ஏன் தள்ளப்பட்டன என்று உதவியாளர் யோசித்தாக வேண்டும். பிறகு அந்த ஒன்றைப் பெரிதாக்கி, மருந்துத் தட்டில் தாளை ஆட்டி, கறுப்பு எவ்வளவு இறங்கியதும் எடுக்க வேண்டும் என்று கையாலேயே அறிந்துகொள்வார். பிலிம், தாள், மருந்து எல்லாம் முதலாளி செலவு. கெடுத்தால் திட்டு விழும், ஆனால் நாளைக்கும் வேலை உண்டு. தவறு செய்வதற்கான செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டதுதான் இங்கே கிடைத்த பெரிய உதவி. ஏழை வீட்டுப் பிள்ளை தன் காசில் 35 படங்களை வீணாக்க முடியாது.

படம் எடுத்தால் போட ஒரு பக்கமும் தயாராக இருந்தது. ஹென்றி நிக்சுமாலோ என்ற நிருபர் வேண்டுமென்றே கைதாகி ஜோகன்னஸ்பர்க் சிறைக்குள் போய், உள்ளே நடப்பதை எழுதினார். கைதிகளை நிர்வாணமாக்கி, எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று காட்டும்படி துள்ளி ஆடவைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அதை உயரமான ஒரு பக்கத்துக் கட்டிடத்தின் மாடியிலிருந்து கோசானி படமெடுத்தார். 1954-இல் அது வெளிவந்தது. எழுத்தை மறுத்துவிடலாம், இந்தப் படத்தை மறுக்க முடியவில்லை. இரண்டாண்டு கழித்து சீரஸ்ட்டில், கறுப்பினத்தவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய 'பாஸ்' அனுமதிச் சீட்டை எதிர்த்த பெண்கள் மீது வழக்கு நடந்தபோது பத்திரிகைக்காரர்களை நெருங்கவிடவில்லை. மகுபானே ரொட்டி ஒன்றைக் குடைந்து லைக்கா கேமராவை உள்ளே வைத்து, தின்பதுபோல் பாவனை செய்துகொண்டே படமெடுத்தார். ரொட்டி தீர்ந்ததும் காலிப் பால் அட்டைப்பெட்டி கைக்கு வந்தது. இந்தத் துணிச்சல் அவருடையது. அதைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு பத்திரிகை காத்திருந்தது என்பதும் அதே அளவு முக்கியம்.

உண்மையான திறமைக்கு யார் துணையும் தேவையில்லை, அது தானே மேலே வரும் என்று சொல்பவர்கள் உண்டு. இதற்கு அவர்கள் டர்பனின் ரஞ்சித் காலியைக் காட்டலாம். செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. 1946-இல் பழைய பொருள் விற்பனையில் 6 பென்ஸுக்கு ஒரு கோடாக் கேமரா வாங்கி, தானாகவே பழகி, 'டிரம்' பத்திரிகைக்குப் படம் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். டர்பன் இந்தியர்களின் வாழ்க்கையும் ஆல்பர்ட் லுத்துலி போன்ற தலைவர்களின் முகமும் இன்று நம் கண்முன் நிற்பதில் அவர் பங்கு பெரிது. எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது 2004-இல், அவருக்கு 79 வயதானபோது. தானே மேலே வந்த திறமைக்குக் கிடைத்த காத்திருப்பு அது. அந்த நீண்ட இடைவெளியில் அவரைப்போலவே தொழிற்சாலையில் நின்று, கேமராவைத் தொடர முடியாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இருக்க முடியாது. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணி, வழி நன்றாகத்தான் இருந்தது என்று முடிவுகட்டும் வாதம் எனக்கு ஏற்புடையதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 'டிரம்' காட்டியது வெள்ளையரின் தயவு. முதலாளி வெள்ளையர், ஆசான் வெள்ளையர், கற்றவர்கள் கறுப்பர்கள். இதைத் திறமைக்கு ஆதரவு என்று கொண்டாடலாமா? கொண்டாடத் தேவையில்லை, அதன் எல்லையைச் சரியாகக் குறித்தால் போதும். 1984-இல் பெய்லி பத்திரிகையை நாஸ்பர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார், ஆனால் படக் காப்பகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1950-களின் கறுப்பு ஜோகன்னஸ்பர்க்கைப் பற்றி இன்று யார் புத்தகம் போட்டாலும் படங்களுக்குப் போக வேண்டிய இடங்களில் அந்தக் காப்பகம் முக்கியமானது. படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த அதே ஏற்பாடு, எடுத்த படத்தைக் கலைஞர் கையில் விட்டுவைக்கவில்லை. கோசானி 1972-இல், நாற்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார்.

படம் எடுத்தவருக்கே சொந்தமாகாத இந்தக் குறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சாம் நிசிமாவின் கதை சாட்சி. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில், சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞனையும், பக்கத்தில் கதறி ஓடும் அக்காவையும் எடுத்தவர் அவர். பிலிமைக் காலுறைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். அவர் வேலை பார்த்த 'தி வேர்ல்ட்' பத்திரிகையில் படம் வந்தது. சில நாட்களில் உலகமே பார்த்தது. போலீஸ் தொல்லை பொறுக்காமல் அவர் வேலையை விட்டு, லில்லிடேல் என்ற தன் ஊருக்கே போய்விட்டார். அங்கும் கண்காணிப்பு தொடர்ந்தது. அடுத்த ஆண்டு அரசு அந்தப் பத்திரிகையையே தடை செய்தது. உலகின் எத்தனையோ சுவரொட்டிகளில் அச்சேறிய அந்தப் படத்தின் பதிப்புரிமை அவர் கைக்கு வந்தது 1998-இல், 22 ஆண்டுகளுக்குப் பிறகு. இடைப்பட்ட காலத்தில் ஒரு மகத்தான செய்திப் புகைப்படக்காரரைத் தென்னாப்பிரிக்கா இழந்திருந்தது. அவரிடம் திறமை இருக்கிறதா என்று யாருக்கும் ஐயம் இருந்ததில்லை, அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

நெடுநாள் கூலி என்ன செய்யும் என்பதை சான்டு மொஃபோகெங்கிடம் பார்க்கலாம். சொவெட்டோவில் தெருவில் படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பிறகு ஒரு நாளிதழின் இருட்டறையில் உதவியாளர். 1985-இல் 'ஆஃப்ராபிக்ஸ்' என்ற புகைப்படக்காரர் கூட்டமைப்பில் சேர்ந்தார். 1982-இல் ஒமர் பாட்ஷா, பால் வைன்பெர்க் முதலியோர் தொடங்கிய அமைப்பு அது. நிறவெறி ஆட்சியின் வன்முறையை உலகப் பத்திரிகைகளுக்குக் காட்டுவதில் அது பெரும் பணி செய்தது. ஆனால் தடியடியும் கண்ணீர்ப்புகையும் விலைபோகும் சந்தையில், சாதாரண நாளைப் படமெடுப்பவருக்கு இடம் குறைவு. 1988 முதல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம் அவரைப் புகைப்படக்காரராக வேலைக்கு வைத்துக்கொண்டது. ஏறக்குறைய பத்தாண்டு சம்பளம். அந்தக் காலத்தில்தான் விளைச்சலில் பங்கு தந்து பயிரிடும் வார விவசாயிகளின் கிராமங்களில் மாதக் கணக்கில் தங்கினார். கறுப்பினக் குடும்பங்கள் 1890 முதல் 1950 வரை ஸ்டூடியோக்களில் எடுத்து வீட்டில் வைத்திருந்த பழைய படங்களைத் தேடிச் சேர்த்தார். தங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குடும்பங்கள் விரும்பினவோ அதன் ஆவணம் அது. எந்தப் போட்டிப் பரிசும் ஒருவருக்கு இவ்வளவு பொறுமையை வாங்கித் தராது.

1989-இல் புகைப்படக்காரர் டேவிட் கோல்ட்பிளாட் தொடங்கிய மார்க்கெட் போட்டோ ஒர்க்‌ஷாப்பை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நியூட்டவுனில், பழைய இந்தியப் பழச்சந்தைக் கட்டிடத்தில் 1976-இல் பிறந்த மார்க்கெட் தியேட்டரின் நிழலில் அது வளர்ந்தது. நிறவெறி விலக்கி வைத்தவர்களுக்குப் புகைப்படம் கற்றுத்தருவது நோக்கம். பத்திரிகை இருட்டறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று: இங்கே கற்பவர் யாருக்கும் உதவியாளர் அல்லர், எடுத்த படம் யார் காப்பகத்துக்கும் போவதில்லை. தொடங்கியவர் ஒதுங்கிய பின்னும் நிறுவனம் நிலைத்தது. மார்க்கெட் தியேட்டர் அறக்கட்டளையின் ஒரு பிரிவாக, அரசு மானியத்துடன் நடக்கிறது. ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒரே மாதிரிதான் எடுப்பார்கள் என்ற அச்சத்துக்கு அங்கே படித்தவர்களே விடை. ஜோடி பீபர் செய்திப் புகைப்படத்துக்குப் போய், 2010-ஆம் ஆண்டுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருதைப் பெற்றார். சபெலோ மிலாங்கேனி ஜோகன்னஸ்பர்க் தெருக்களை இரவில் கூட்டும் பெண்களின் பின்னாலேயே போய், விளக்கொளியில் தூசியும் துடைப்பமும் கலங்கித் தெரியும் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். 2003-இல் மேல்நிலைப் பயிற்சி முடித்த ஜனேலே முஹோலி, கறுப்பின ஒருபாலீர்ப்புப் பெண்களின் முகங்களை நேருக்கு நேர் நிறுத்திப் படமெடுத்தார். மூவருக்கும் பொதுவானது கற்ற இடம் மட்டுமே. முஹோலி 2009-இல் 'இன்கன்யிசோ' என்ற அமைப்பை உருவாக்கி இளையவர்களுக்குக் கேமராவும் பயிற்சியும் கொடுத்தார். சொவெட்டோவின் டீப்க்ளூஃபில் மூத்த புகைப்படக்காரர் ஆல்ஃப் குமாலோவும், தன் ஊர்ப்பக்கம் நிசிமாவும் நடத்திய பயிற்சிப் பள்ளிகளையும் இதே வரிசையில் வைக்கிறேன். 'டிரம்' காலத்தில் தங்களுக்கு இல்லாத ஒன்றைத்தான் அவர்கள் கட்டப் பார்த்தார்கள்.

பதிப்புரிமை, காப்பகம் எல்லாம் வக்கீல்கள் பார்க்கும் வேலை, புதியவர்களை வளர்ப்பவருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். எர்னஸ்ட் கோலின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது. அஞ்சல் வழியிலும் இருட்டறையிலும் கற்ற அவர், குடும்பப் பெயரின் எழுத்தை மாற்றி, தன்னைக் 'கலப்பினத்தவர்' என்று அரசுப் பதிவேட்டில் மாற்றிக்கொண்டார். அப்போதுதான் ஊருக்குள் நடமாட முடிந்தது. 1966-இல் நாட்டை விட்டுப் போனார். சுரங்கத் தொழிலாளரும் வேலைக்காரப் பெண்களும் பாஸ் சோதனையும் நிறைந்த 'ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்' என்ற அவருடைய படப் புத்தகம் 1967-இல் நியூயார்க்கில் வெளிவந்தது, தென்னாப்பிரிக்காவில் தடைபட்டது. அமெரிக்காவில் தொடர்ந்து தாங்க யாரும் இல்லாமல் வீடிழந்து திரிந்து, மண்டேலா விடுதலையான சில நாட்களிலேயே, 1990 பிப்ரவரியில் இறந்தார். நெகட்டிவ்கள் தொலைந்தன என்றே எல்லோரும் நம்பினார்கள். 2017-இல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்றின் பெட்டகங்களிலிருந்து சுமார் 60,000 நெகட்டிவ்கள் அவருடைய குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தன. அதன் பிறகே அவரை முழுதாகப் பார்க்க முடிந்தது. 2022-இல் அந்தப் புத்தகம் மறுபடி வந்தபோது, 1967 பதிப்பில் இடம்பெறாத ஓர் அத்தியாயம் அதில் சேர்ந்திருந்தது: கறுப்பினத்தாரின் இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றைப் பற்றியது. துயரத்தின் சாட்சியாக மட்டுமே அறியப்பட்ட ஒருவர் தன் மக்களின் கலை வாழ்க்கையையும் அதே அக்கறையோடு எடுத்து வைத்திருந்தார் என்பது, அவர் இறந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வாசகர்களுக்குத் தெரிந்தது.