தீர்க்கதரிசனமும் செங்கோலும்

எருசலேமிலிருந்து காசா நோக்கிச் செல்லும் பாதையிலே, தேரில் அமர்ந்து ஏசாயாவின் ஏட்டை வாசித்துச் சென்ற எத்தியோப்பிய அரச அதிகாரி ஒருவனைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் கூறுகின்றது. வாய் திறவாது துன்புற்று மாண்ட ஓர் ஊழியனைப் பற்றிய பகுதியை அவன் வாசித்துக்கொண்டிருக்கிறான். தீர்க்கதரிசி இதனைத் தன்னைப் பற்றிச் சொன்னானா, பிறனொருவனைப் பற்றிச் சொன்னானா என்பது அவன் எழுப்பிய வினா. அருகே வந்த பிலிப்பு, அது இயேசுவையே குறிக்கின்றது என்று விளக்குகின்றான். வழியிற் கண்ட நீர்நிலையிலேயே ஞானஸ்நானமும் நடந்தேறுகின்றது.

அந்த வினாவுக்கு யூதரும் கிறிஸ்தவரும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக வெவ்வேறு விடை கூறி வந்துள்ளனர். பழைய ஏடொன்றை இரு சமூகங்கள் இரு விதமாக வாசித்தமையில் வியப்பேதுமில்லை. ஒரு வாசிப்பின் பின்னால் அரசனின் வாள் வந்து நின்றபோது நிகழ்ந்தது யாது என்பதே நாம் இங்கு நோக்க விரும்புவது.

ஏசாயாவின் ஏழாம் அதிகாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கி. மு. 735 அளவில் சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து யூதாவைத் தாக்க முனைந்தன. நடுங்கிய ஆகாஸ் மன்னனுக்குத் தீர்க்கதரிசி ஓர் அடையாளம் சொல்கின்றான்: ஒரு பெண் மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவாள், அவன் நன்மை தீமை அறியுமுன் பகை நாடுகள் பாழாகும். மூலத்திலுள்ள 'அல்மா' என்னும் எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிப்பது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதற்குக் கன்னியைக் குறிக்கும் சொல்லை இட்டது. மத்தேயு அதனைக் கொண்டே இயேசுவின் பிறப்பை விளக்கினார். யூதரோ, அடையாளம் ஆகாசுக்கு உரியது, எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வது அவனுக்கு எவ்வாறு அடையாளமாகும் என்று கேட்டனர். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் எழுதிய உரையாடலில் திரிபோ என்னும் யூதன் வாயிலாக இவ்வாதம் பேசப்படுகின்றது. தமிழ் வேதாகமத்தின் பழைய பதிப்புகளில் இவ்விடத்திற் 'கன்னிகை' என்றே காண்கிறோம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ ஏசாயாவில் 'இளம்பெண்' என்றும் மத்தேயுவிற் 'கன்னி' என்றும் பெயர்த்துள்ளது. இந்த ஒரு சொல்லுக்காக, 1952இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலே ஒரு போதகர் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பின் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தீயிலிட்டார். சொல்லாராய்ச்சி எவ்வளவு விரைவிற் சூடேறிவிடுகின்றது!

எத்தியோப்பியன் வாசித்த ஐம்பத்துமூன்றாம் அதிகாரமோ இதனினும் ஆழமானது. பிறர் குற்றத்துக்காக அடிபட்டு மாண்ட அந்த ஊழியனிலே கிறிஸ்தவர் சிலுவையைக் கண்டனர். யூதரின் பழைய உரைகளுட் சில அவனை வரப்போகும் மெசியாவாகக் கொண்டதுண்டு. ஆயினும், அவன் தனியொருவனல்லன், நாடிழந்து சிதறுண்ட இஸ்ரவேல் மக்கள் முழுவதுமே அவன் என்ற கருத்தும் மிகப் பழையதே. மூன்றாம் நூற்றாண்டிலே தாம் வாதாடிய யூத அறிஞர் அவ்வாறு கூறியதாகக் கிறிஸ்தவராகிய ஒரிகேன் எழுதி வைத்திருக்கின்றார். பிரான்சிலே வாழ்ந்த ராஷி (1040–1105) இவ்வுரையை நிலைநாட்டினார். இளமையில் அவர் கல்வி பயின்ற வேர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய நகரங்களின் யூதர்கள் 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்களாற் கொன்று குவிக்கப்பட்டனர். தம் மக்களின் குருதியைக் கண்ட தலைமுறையொன்று, துன்புறும் ஊழியன் யார் என்ற வினாவுக்கு வேறெங்கும் விடை தேடவேண்டியிருக்கவில்லை.

தொடக்கத்தில் இது ஒரு வீட்டுக்குள் நிகழ்ந்த வழக்கே. இயேசுவைப் பின்பற்றிய முதற் கூட்டத்தார் யூதர். தம் வாதத்தை வலியுறுத்த அவர்களிடம் ஏட்டைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை. 380இல் றோமப் பேரரசு கிறிஸ்தவத்தை அரச மதமாக்கியதும் நிலைமை மாறியது. யூதர் அரச பதவி வகிப்பதையும் புதிய செபக்கூடம் எழுப்புவதையும் அடுத்த நூற்றாண்டின் சட்டங்கள் தடுத்தன. யூதர் கிறிஸ்தவருக்காக வேதநூலைச் சுமந்து திரியும் சாட்சிகள்; ஆகவே அவர்களை அழிக்கலாகாது, ஆனால் தாழ்ந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அகுஸ்தீனார் வகுத்த நியாயம். ஓர் உரைகாரனின் கருத்து ஒரு சமூகத்தின் வாழ்நிலையை விதிக்கும் அளவுக்கு வலிமை பெற்றமையை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழக்கு அரசவைக்கே வந்துவிட்டது. 1240இல் பாரிசிலே தல்மூத் விசாரணைக்குட்படுத்தப்பட்டது. 1242இல் அதன் பிரதிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. 1263 ஜூலை மாதம் பார்சலோனாவில், அரகன் மன்னன் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் வேறொரு விவாதம் கூட்டப்பட்டது. ஒரு புறம், யூதராகப் பிறந்து கிறிஸ்தவராகித் தொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி. மறுபுறம், கெரோனா நகரத்து றபி மோசே பென் நக்மான். எழுபதை நெருங்கிய முதியவர், வேத உரைகாரர், வைத்தியர். அஞ்சாது பேச உரிமை தரவேண்டும் என்று அவர் கேட்க, மன்னன் இசைந்தான். கிறிஸ்தவ விசுவாசம் ஐயத்துக்கு இடமற்றதாகையால் அது விவாதப் பொருளாகாது என்கின்றது கிறிஸ்தவர் தரப்பு அறிக்கை. குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்டது ஒரு சமயம் மட்டுமே.

துறவியின் உத்தி புதுமையானது. மெசியா வந்துவிட்டார் என்பதை யூதரின் தல்மூதைக் கொண்டே நிறுவ அவர் முயன்றார். கோயில் இடிந்த அன்றே மெசியா பிறந்தார் என்று உங்கள் பழங்கதை கூறவில்லையா என்றார். றபியின் மறுமொழி சுவையானது. இத்தகைய கதைகள் உபதேசக் கதைகள். விரும்பியவன் நம்பலாம், நான் நம்பவில்லை. நம்பினாலும் அது உமக்கே பகை, ஏனெனில் இயேசு பிறந்தது கோயில் இடிவதற்கு முன்பன்றோ! யூதாவைவிட்டுச் செங்கோல் நீங்காது என்ற ஆதியாகம வசனத்தைக் காட்டி, இன்று உங்களிடம் அரசில்லை, ஆகவே மெசியா வந்துவிட்டார் என்று துறவி வாதித்தபோது, பாபிலோனியச் சிறையிருப்பின் எழுபது ஆண்டுகளிலும் செங்கோல் இல்லாதிருந்ததை அவர் நினைவூட்டினார்.

பின்னர் அவர் வாதத்தை ஏட்டிலிருந்து உலகுக்குத் திருப்பினார். மெசியாவின் நாளிலே ஒரு சாதி மற்றொரு சாதிமேல் வாளெடாது, போர்க்கலையைக் கற்கவும் மாட்டாது என்பது ஏசாயாவின் வாக்கு. இயேசுவின் காலந்தொட்டு இன்றுவரை உலகம் கொலையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கின்றது. கிறிஸ்தவரோ பிறரைவிட மிகுதியாகக் குருதி சிந்துகின்றனர். போர்க்கலை இல்லாவிடின், மன்னரே, உமக்கும் உம் வீரர்க்கும் எவ்வளவு கடினமாயிருக்கும்! இவ்வாறு கூறியதாக அவரே எபிரேயத்தில் எழுதிவைத்த நூல் தெரிவிக்கின்றது. அவர் முகம் நோக்கிப் பேசிய அந்த மன்னன் மயோர்க்காவையும் வலென்சியாவையும் வாளால் வென்றவன். தீர்க்கதரிசனம் நிறைவேறியதா என்பதை மக்களின் வாழ்விலே தேடிய இந்த வாதத்துக்கு அவ்வவையில் விடை இருந்திருக்க முடியாது.

வென்றவர் யார்? இரு தரப்பு அறிக்கைகளும் முரண்படுகின்றன. றபி கலங்கிப் பின்வாங்கினார் என்கின்றது இலத்தீன் அறிக்கை. மன்னன் தம்மைப் பாராட்டி முந்நூறு பொற்காசு அளித்ததாக எழுதுகின்றார் றபி. இரண்டிலும் தற்புகழ்ச்சிக்கு இடமுண்டு. மன்னனின் மிதவாதத்தை மட்டும் நாம் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. யூதர்கள் அரச உடைமையாகக் கருதப்பட்டனர்; அவர்களது வரியும் கடனும் கருவூலத்தை நிரப்பின. துறவிகளுக்கு ஆன்மாக்கள் வேண்டியிருந்தன, மன்னனுக்கோ பணம். ஆனாலும் அடுத்த மாதமே யூதர் தம் நூல்களிலிருந்து நிந்தனைப் பகுதிகளை நீக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது; துறவிகளின் பிரசங்கத்தைக் கேட்கவும் அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1391ஆம் ஆண்டின் படுகொலைகளுக்குப் பின், 1413–14இல் தொர்தோசாவிலே இதே வாதங்கள் 69 அமர்வுகளாக நடத்தப்பட்டன. அங்கே பேச்சுரிமை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை; தலைவர்கள் மண்டபத்தில் அடைபட்டுக் கிடக்க, ஊரிலே பலர் மதம் மாறினர். 1492இல் எஞ்சியோர் ஸ்பானியாவிலிருந்தே துரத்தப்பட்டனர். யூதர் தம் வேதத்தை வாசிக்கும் முறையும் ஏற்புடைய ஒரு வாசிப்பே என்று வத்திக்கானின் வேதாகம ஆணைக்குழு எழுதியது 2001ஆம் ஆண்டில்.

றபியின் கதைக்குத் திரும்புவோம். விவாதத்தை நூலாக எழுதியமைக்காக 1265இல் அவர்மீது நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. நூலை எரித்து, இரண்டாண்டு நாடு கடத்தலாம் என்றான் மன்னன். துறவிகளுக்கு அது போதவில்லை. பாப்பரசர் நான்காம் கிளெமெந்தும் தண்டனை கோரி எழுதினார். எழுபதைக் கடந்த முதியவர் குடும்பத்தைப் பிரிந்து கப்பலேறி, 1267இல் எருசலேமை அடைந்தார். அங்கிருந்து மகனுக்கு எழுதிய கடிதத்தில் நகரம் பாழடைந்து கிடப்பதை விவரிக்கின்றார். அங்கே குடியிருந்த யூதர் இருவர் மட்டுமே. உடன்பிறந்தவர்கள், துணிக்குச் சாயமிடும் தொழிலாளர். ஓய்வுநாளில் அவர்கள் வீட்டிலேதான் தொழுகை நடந்தது. பளிங்குத் தூண்களுடன் இடிந்து கிடந்த ஒரு வீட்டைத் தேர்ந்து அவர்கள் செபக்கூடமாக்கினார்கள். முன்பு சீகேமுக்குப் பாதுகாப்பாகக் கொண்டுபோகப்பட்டிருந்த வேதச் சுருள்களைத் திரும்ப எடுத்துவர ஆளனுப்பினார்கள்.