எண்ணக்கருப் படமும் தமிழ்த் தொடரமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவைப் பகுத்தும் தொகுத்தும் கற்பித்தல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், ஒவ்வோர் அதிகாரமும் ஒன்பது இயல்களாகவும் வகுக்கப்பட்டுள்ளமை யாவரும் அறிந்ததே. ஆயின் அப்பகுப்பு செவிவழிக் கல்விக்கு உரியது. நூற்பாவை மனனஞ் செய்த மாணவன் அதன் கிளைகளை நெஞ்சிற் சுமந்தான். அவ்வொழுங்கைக் கண்முன் வரைந்து காட்டும் கருவியொன்று இன்று நம் வகுப்பறைகளை அடைந்துள்ளது. அதன் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

1972ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் யோசேப்பு நோவாக் என்பாரும் அவர்தம் குழுவினரும், விஞ்ஞானம் கற்ற சிறுவர்தம் விளக்கம் காலப்போக்கில் எவ்வாறு மாறிற்று என ஆராய்ந்தனர். திரண்ட நேர்காணல்களைச் சுருக்கிக் காணும் பொருட்டு அவர்கள் கண்ட வழியே எண்ணக்கருப் படம். எண்ணக்கருக்கள் கட்டங்களுள் அமையும். அவற்றை இணைக்கும் கோட்டின்மீது உறவைக் கூறும் சொல் எழுதப்படும். முன்னறிவோடு இணையும்போதே புத்தறிவு பொருளுடையதாகும் என்னும் டேவிட் ஓசுபெலின் 1963ஆம் ஆண்டுக் கொள்கை இதற்கு அடிப்படையாயிற்று. தாளிற் பிறந்த இப்படம் பின்னர்க் கணினிக்குப் பெயர்ந்தது. புளோரிடா மாநிலத்து ஆய்வு நிறுவனமொன்று இதற்கெனவே மென்பொருள் ஆக்கிற்று.

இலங்கையில் 1945 முதல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. ஒளித்தொகுப்பு, மாப்பொருள் முதலிய கலைச்சொற்கள் நம் பாடநூல்களில் நிலைபெற்றன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாமன்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடங்கள் கைப்பேசித் திரைக்குப் பெயர்ந்தன. திரைக்கேற்ற படங்களின் தேவையும் பெருகிற்று.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு நோக்கற்பாலது. ஆங்கிலத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற முறையிற் சொற்கள் நிற்றலின், இரு கட்டங்களுக்கிடையே வினையை எழுதிய அளவில் வாக்கியம் நிறைவுறும். தமிழிலோ வினை இறுதியில் நிற்கும். வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டும். ‘இலை – ஆக்குகிறது – மாப்பொருள்’ என எழுதின், உருபு மறைதலால் எது எதனை ஆக்கிற்று என இளம் மாணவன் மயங்குவான். ‘இலை – ஆக்குவது – மாப்பொருள்’, ‘வேர் – உறிஞ்சுவது – நீர்’ என வினையாலணையும் பெயரால் இணைப்பின், தொடரும் முற்றும், பொருளும் தெளியும். இவ்வாற்றல் நம் இலக்கணத்திலேயே உள்ளது.

ஆகவே, கட்டங்களில் மட்டும் தமிழை இட்டு, கோடுகளை வெறுமையாக விடுதலும், ஆங்கிலத் தொடரமைப்பை அப்படியே பெயர்த்தலும் தகா. இன்றைய மென்பொருள்கள் சில படத்தைத் தாமே வரைந்து தருகின்றன. உறவுச் சொல்லைத் தேர்தலே சிந்தித்தலாதலின், அவ்வுரிமையை மாணவனிடமிருந்து பறித்தல் கற்றலையே பறித்தலாகும். 2022இல் மின்வெட்டு நீடித்த நாட்களிலும் வெண்கட்டியும் கரும்பலகையும் இப்பணிக்குப் போதுமானவையாகவே இருந்தன. கருவி மாறலாம், கோட்டின்மேல் நிற்கும் சொல் மாணவனுடையதாக, அவன் தாய்மொழியினதாக இருத்தல் வேண்டும். 1945இல் பெற்ற உரிமையின் பயன் அதுவேயாம்.