உடனே கடிப்பதும் காத்திருந்து கடிப்பதும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தால் வீட்டுப் பெரியவர்கள் இரண்டே கேள்வி கேட்பார்கள்: எது கடித்தது, எதைச் சாப்பிட்டாய்? கடித்தது எதுவென்று தெரியாவிட்டால் அது காணாக்கடி. சாப்பிட்டது கத்தரிக்காயோ கருவாடோ என்றால் அது கரப்பான் பண்டம். அன்றே பத்தியம் தொடங்கிவிடும். இந்தக் கேள்விகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. தோலின் மீது வெளியிலிருந்து ஏதோ ஒன்று பட்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்ற சரியான தர்க்கம் அவற்றுக்குள் இருக்கிறது. ஆனால் பட்டவுடன் அரிக்கும் பொருள்களுக்காக உருவான தர்க்கம் அது. கடந்த ஒரு நூற்றாண்டில் இந்த மண்ணுக்கு வந்த புதிய பொருள்கள் பல, காத்திருந்து அரிப்பவை. அந்தக் காலதாமதம்தான் பழைய கேள்விகளைத் தோற்கடித்தது. குற்றம் வயலிலும் வேலையிலும் இருக்க, பழி சோற்றுத்தட்டின் மீதும் நோயாளியின் இரத்தத்தின் மீதும் விழுந்தது.

பழைய அறிவு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. செந்தட்டி பட்டால் எரியும், பூனைக்காலிக் காயின் சுணை பட்டால் சொறியாமல் இருக்க முடியாது என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆண்டிபட்டிப் பக்கத்து முருங்கையில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியையும், அதே பேரினத்தைச் சேர்ந்த, மேலே இடுக்கி ஏலத்தோட்டங்களில் செடியைத் தின்னும் கம்பளிப்பூச்சியையும் தொழிலாளர்கள் பார்த்தவுடன் விலகுவார்கள். பட்ட இடத்தில் வெற்றிலைச் சாற்றைத் தேய்ப்பது வழக்கம். சின்னமனூரில் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. இன்றைய மருத்துவம் இங்கே ஒரு திருத்தம் மட்டும் சொல்லும்: தேய்த்தால் நுண்ணிய முடிகள் தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், ஆகவே முதலில் ஒட்டும் நாடாவை ஒட்டி எடுத்து முடிகளை அகற்ற வேண்டும், பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். காரணத்தைக் கண்டுகொண்டதில் பழைய அறிவு பிழைபடவில்லை.

சேராங்கொட்டையைக் காட்டி ஒருவர் இதை மறுக்கலாம். அதன் பால் உண்டாக்கும் ஒவ்வாமை பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் கொப்புளமாக எழும்; அதை மட்டும் நம் முன்னோர் எப்படி அறிந்தார்கள்? பால் பட்ட இடத்திலேயே, பட்ட அளவிலேயே புண் வந்ததால் அறிந்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அரிப்பு வந்தது. சலவைத் தொழிலாளர் சேராங்கொட்டைப் பாலால் துணியில் குறியிட்ட இடத்துக்கு நேராகத் தோலில் புண் இருந்ததால் காரணம் பிடிபட்டது. 1943-இல் அது மருத்துவ இதழில் வெளியானது. தாமதமாக வந்தாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருளை மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இடமும் நேரமும் இரண்டுமே மறைந்திருக்கும்போதுதான் தடம் தவறுகிறது.

அப்படி மறைந்திருப்பவை பெருகிய கதை 1895-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பள்ளத்தாக்குக்கு இறங்கியது. அதே 1895-இல்தான் யோசப் யாதசோன் என்ற மருத்துவர், சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டி வைத்துப் பிறகு எடுத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையை ஐரோப்பாவில் முன்வைத்தார். தண்ணீர் வந்தது, தாமதமாக வரும் அரிப்பைக் கண்டறியும் வழி வந்து சேர மிக நீண்ட காலம் ஆனது. நீர் நெல்லைத் தந்தது, பிறகு வாழையையும் காய்கறியையும் திராட்சைத் தோட்டங்களையும் பெருக்கியது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமை, ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பது. அறுவடை ஓயாத பந்தலில் மருந்தடிப்பும் ஓயாது. சேற்றில் நின்றால் சேற்றுப்புண் வரும் என்று அறிந்திருந்த உழைப்பாளிக்கு, போர்டோ கலவையும் பிறகு வந்த பூச்சிமருந்துகளும் பழகிய கையையே மெல்ல மெல்லப் பகையாக்கும் என்று சொல்லித்தர முன்னோர் யாரும் இல்லை.

இவற்றில் எல்லாம் வஞ்சகமானது பார்த்தீனியம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடி 1950-களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டு, சில பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவியது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்ற கதை பிரபலம், ஆனால் அந்தக் கோதுமைக்கான பி.எல். 480 ஒப்பந்தம் 1956-இல்தான் கையெழுத்தானது, செடி அதற்கு முன்பே புனேயில் இருந்தது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். வாய்க்கால் கரை, தரிசு, சாலையோரம் எங்கும் முளைக்கும். 1970-களில் புனே மருத்துவர்கள் இதனால் வரும் தோல்நோயை விரிவாகப் பதிவு செய்தார்கள். செடியில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள், காய்ந்த செடித் தூளோடு காற்றில் பறந்து கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் படிகிறது. பல மாதமோ பல ஆண்டோ பழகிய பிறகுதான் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு தொடர்புக்கும் ஓரிரு நாள் கழித்து அரிப்பு எழுகிறது. இருபது ஆண்டு களை எடுத்தவரிடம் போய் இந்தச் செடிதான் காரணம் என்றால், இத்தனை நாள் வராதது இப்போது எப்படி என்று கேட்பார். பக்கத்து வயல்காரருக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்பார். நியாயமான கேள்விகள்தான். ஒவ்வாமை நஞ்சைப் போல எல்லோரையும் ஒரே நாளில் தாக்குவதில்லை. சிலருடைய உடம்பு மட்டும், அதுவும் நெடுநாள் பழகிய பின், அப்பொருளைப் பகையாகக் குறித்துக்கொள்கிறது என்பதே பதில்.

உணவைப் பழியிலிருந்து முழுவதும் விடுவித்துவிட முடியுமா என்ற கேள்விக்கும் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். முடியாது. இறால், மீன், முட்டை, நிலக்கடலை போன்றவை சிலருக்குச் சில நிமிடங்களில், அதிகம் போனால் ஓரிரு மணி நேரத்தில், தடிப்பை எழுப்பும். குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சலைத் தொடர்ந்தும் வரும். ஆனால் தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போனால் உணவு காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவுமே இருக்காது, உடம்பின் எதிர்ப்பு அமைப்பே தோலின் செல்களைத் தூண்டி ஹிஸ்டமினை வெளிவிடச் செய்கிறது. அப்படிப்பட்டவரைப் பல மாதம் மோரும் சோறுமாக வைத்திருப்பது நோயைத் தீர்க்காது, உடம்பை மட்டும் வாட்டும். வயலில் உழைக்கும் பெண்ணுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அந்த இழப்பு சிறியதல்ல.

ஆகவே காலத்தைக் கணக்கிடுவதே முதல் மருத்துவம். ஒரு தடிப்பு எழும்பி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தடமில்லாமல் மறைந்து வேறிடத்தில் எழுந்தால் அது காணாக்கடி. அதற்கு செட்ரிசின் போன்ற, ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி தினமும் எடுப்பது, அரிக்கும்போது மட்டும் போடுவதைவிடப் பயன் தரும். உதடும் நாக்கும் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். தோல் தடித்து, உரிந்து, நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தொட்ட பொருளைத் தேட வேண்டும். இரவில் அரிப்பு கூடி வீட்டில் எல்லோருக்கும் இருந்தால் சிரங்காக இருக்கலாம், வட்டமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையை மறைத்து வளர்க்கும். அதனால்தான் 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இந்த நோயைத் தனிமனிதரின் இரத்தக்கோளாறாக, சுத்தக்குறைவாகப் பார்க்கும் வரை, அதைத் தடுக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே இருக்கும். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வாய்க்கால் கரையைச் செதுக்கும் பெண்களுக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கொடுத்து, பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கச் செய்வது வேலை கொடுப்பவரின் கடமை. திராட்சைப் பந்தலில் மருந்தடிப்பவருக்கும், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியலில் ஜீப்பில் மலையேறும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கும் அதே பாதுகாப்பு உரிமையாக வேண்டும். மருத்துவமனையிலும் வீட்டிலும், நேற்று என்ன சாப்பிட்டாய் என்பதோடு, இந்த ஆறு மாதமாக எங்கே என்ன வேலை செய்தாய், எதைத் தொட்டாய் என்றும் கேட்கப் பழக வேண்டும். முன்னோர் தம் காலத்துச் செடிகளையும் பூச்சிகளையும் கூர்ந்து பார்த்து அறிந்ததைப் போல, நம் காலத்தவற்றை அறிய வேண்டியது நாம்தான்.